‘எஃப்.சி. கரண்ட்ல இருக்கு’ என்றால் என்ன அர்த்தம்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய வேன் ஒன்று விலைக்கு வந்தால் முதலில் காதில் விழுவது இந்த வாசகம்தான்: "எஃப்.சி. கரண்ட்ல இருக்குங்க, பேப்பர் எல்லாம் பக்கா." வண்டியின் தகுதிச் சான்று இன்னும் காலாவதி ஆகவில்லை என்று பொருள். வாங்க வந்தவர் அதோடு திருப்தியாகி விலை பேச ஆரம்பித்துவிடுவார். அதே வேன் அடுத்த ஆண்டு எஃப்.சி.க்குப் போய்த் திரும்பி வந்தால், "பிரேக் இன்ஸ்பெக்டர் வேணும்னே நிறுத்திட்டாரு" என்று பேச்சு மாறும். பாஸ் ஆனால் வண்டி நல்ல வண்டி, ஃபெயில் ஆனால் அதிகாரி மோசம் என்று முடித்துக்கொள்கிறோம். இரண்டுமே சரியான புரிதல் இல்லை.

எஃப்.சி. என்ற சோதனை எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை, மலையில் ஓடும் பழைய வேன்கள் எந்தெந்த இடத்தில் மாட்டிக்கொள்கின்றன, ஏன் அங்கேயே மாட்டிக்கொள்கின்றன என்பதை இங்கே பார்க்கலாம். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்காக எழுதியது. மெக்கானிக்குகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

## நாலு காகிதம், ஒரே குழப்பம்

எஃப்.சி. என்பது தகுதிச் சான்று. வாடகைக்கோ சரக்கு ஏற்றவோ ஓடும் வண்டி, அதாவது மஞ்சள் போர்டு வண்டி, சாலையில் ஓடும் நிலையில் இருக்கிறது என்று மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துத் தரும் சான்று. நம் ஊரில் அவரைத்தான் பிரேக் இன்ஸ்பெக்டர் என்கிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 56-ஆம் பிரிவு இதைப் பற்றியது. எஃப்.சி. இல்லாத மஞ்சள் போர்டு வண்டியைச் சட்டம் முறையாகப் பதிவான வண்டியாகவே கருதுவதில்லை. வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குமேல் ஆண்டுதோறும் காட்ட வேண்டும்.

வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோக வண்டிக்கு இந்த ஆண்டுச் சோதனை கிடையாது. பதிவுச் சான்றான ஆர்.சி. 15 ஆண்டு செல்லும். அதன்பின் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இதையும் பேச்சுவழக்கில் "எஃப்.சி. போட்டாச்சு" என்றே சொல்வதால்தான் பாதிக் குழப்பம். வெள்ளை போர்டு மாருதி ஆம்னி வேன்காரர் "எஃப்.சி. இன்னும் நாலு வருஷம் இருக்கு" என்று சொன்னால், அந்த வண்டியை அதிகாரி ஒருவர் பார்த்து ஓராண்டு ஆகிவிட்டது என்பதுதான் பொருள். இன்னும் நான்கு ஆண்டு யாரும் பார்க்கப்போவதும் இல்லை.

மூன்றாவது, புகைச் சான்று. வண்டி கக்கும் புகையை மட்டும் அளப்பது. பழைய வண்டிகளுக்கு ஆறு மாதம் செல்லும். நான்காவது இன்சூரன்ஸ். அது விபத்து நடந்தால் பணம் யார் தருவது என்பதற்கான ஒப்பந்தம். வண்டியின் நிலையைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆனால் எஃப்.சி. இல்லாமல் ஓடி விபத்தானால் இழப்பீட்டில் சிக்கல் வரும்.

இடையில் ஒன்று. "இது கிளாசிக் வண்டி, இதுக்கெல்லாம் விதிவிலக்கு உண்டு" என்பவர்களும் இருக்கிறார்கள். 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவு ஆகி 50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகள்தான் விண்டேஜ் வண்டிகள். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு அவற்றை எடுத்துப் போகலாம். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் கூடாது. மாருதி வேன் வந்ததே 1984-இல். ஆம்னி என்ற பெயர் பின்னால்தான் வந்தது. முதல் வண்டிக்கே 2034-இல்தான் ஐம்பது நிறையும்.

## எடைக்கல்லில் குத்தும் முத்திரை

பச்சைத் தேயிலை எடை போடும் தராசை எல்லாரும் பார்த்திருப்போம். காலக்கெடு வைத்து அதற்கு அரசு முத்திரை குத்துவார்கள். முத்திரை சொல்வது ஒன்றுதான்: சோதித்த அன்று, இந்தத் தராசு அனுமதித்த பிசகுக்குள் எடை காட்டியது. மறுநாள் தட்டில் ஈரச் சாக்கு ஒட்டிக்கொண்டாலோ, யாராவது திருகைத் தொட்டாலோ முத்திரை பொறுப்பாகாது. அன்றைக்குக்கூடத் தராசு துல்லியமாக இருந்தது என்று அர்த்தமில்லை, அனுமதித்த அளவுக்குள் இருந்தது என்றுதான் அர்த்தம்.

எஃப்.சி.யும் அப்படித்தான். ஒரு நாள், வண்டிகளைச் சோதிக்கும் ஒரு மைதானம், குறைந்தபட்ச அளவு. விதிகளில் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலே இருக்கிறது: ஹெட்லைட், மற்ற விளக்குகள், ரிஃப்ளெக்டர், கண்ணாடி, ஹாரன், சைலன்சர், வைப்பர், புகை, பிரேக், ஸ்பீடோமீட்டர், ஸ்டீயரிங் என்று போகும். இவற்றில் பெரும்பாலானவை வெளியே நின்று பார்த்தும், கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தும் தீர்மானிக்கக் கூடியவை. சக்கரத்தைக் கழற்றி, அதோடு சுழலும் டிரம் என்ற வட்டக் கூட்டுக்குள் உராய்ந்து வண்டியை நிறுத்தும் லைனிங் எவ்வளவு மிச்சம் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. எஞ்சினைப் பிரிப்பதில்லை. கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பது சோதனையின் கேள்வியே இல்லை.

சட்டத்துக்கும் இது தெரியும். சான்று கொடுத்த பிறகும் வண்டி தகுதியிழந்துவிட்டது என்று தெரிந்தால், காலம் முடியும் முன்பே காரணம் காட்டி ரத்து செய்ய அதே 56-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. எஃப்.சி. ஓராண்டு உத்தரவாதம் என்றால் இந்த வரிக்கே வேலை இருக்காது.

அதே பிரிவில் இன்னொரு வரி உண்டு. நான் மிக முக்கியமாக நினைப்பது அதைத்தான். சான்று தர மறுத்தால், காரணத்தை எழுத்தில் உரிமையாளருக்குத் தர வேண்டும். மைதானத்தில் "பிரேக் சரியில்லை, பார்த்துட்டு வாங்க" என்று வாயால் சொல்வதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. உரிமையாளர்களும் எழுதிக் கேட்பதில்லை. பிரிட்டனில் எம்.ஓ.டி. என்ற ஆண்டுச் சோதனை இருக்கிறது. அங்கே குறைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது என்று 2018 முதல் பிரித்து எழுதுகிறார்கள். பாஸ் ஆன வண்டிக்கும் "இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று அறிவுரை வரிகள் உண்டு. வண்டி எண்ணைப் போட்டால் பழைய முடிவுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பாஸ் ஆனது என்ற ஒற்றைச் சொல்லைவிட, எதில் திரும்பி வந்தது என்ற பட்டியல்தான் வண்டியின் கதையைச் சொல்லும். நம்மிடம் அந்தப் பட்டியல் இல்லையென்றால், அதை நாமேதான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை பார்த்தது: எஃப்.சி., ஆர்.சி. புதுப்பிப்பு, புகைச் சான்று, இன்சூரன்ஸ் நான்கும் வேறுவேறு. எஃப்.சி. என்பது குறிப்பிட்ட நாளில் குறைந்தபட்சம் தேறியது என்ற சான்று. ஃபெயில் ஆனால் காரணத்தை எழுத்தில் பெற உரிமை உண்டு.

இனி அந்தக் காரணங்களுக்குள் போகலாம்.

## பிரேக்: மலை வண்டியின் முதல் கேள்வி

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் அதற்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் கீழே. சுமையோடு இரண்டு டன் எடையுள்ள வேன் ஒன்று இந்த உயரத்தை இறங்கினால், எங்காவது செலவழித்தே ஆக வேண்டிய ஆற்றல் சுமார் 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கரண்ட் பில்லில் வருமே, அதே யூனிட். கொஞ்சம் காற்று வாங்கிக்கொள்ளும். கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் அத்தனையும் பிரேக்கில் வெறும் சூடாக இறங்கும். இறக்கத்தில் கியரைக் குறை என்று பலகை வைத்திருப்பது இதனால்தான். சமவெளியில் ஓடும் வேனுக்கு இந்தக் கணக்கே வராது.

பெடலை மிதித்தால் நடப்பது இது. மாஸ்டர் சிலிண்டர் என்ற சிறு பம்ப் பிரேக் ஆயிலைக் குழாய் வழியாகத் தள்ளுகிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டர் அந்த அழுத்தத்தில் விரிந்து, லைனிங் ஒட்டிய ஷூ என்ற வளைந்த பட்டையைச் சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது. அதனால்தான் கால் கொடுக்கும் விசை குறையாமல் போய்ச் சேர்கிறது. குழாயில் காற்றோ ஆவியோ புகுந்தால் அது சுருங்கிக்கொடுக்கும். பெடல் உள்ளே போகும், பிரேக் பிடிக்காது.

சூட்டில் பிரேக் கெடுவது இரண்டு வகை. இவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

முதல் வகையில் பெடல் கெட்டியாகத்தான் இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. லைனிங் அளவுக்கு மீறிச் சூடாகி உராயும் தன்மையை இழந்துவிட்டது. டிரம்மும் சூட்டில் விரிந்து ஷூவை விட்டுத் தள்ளிப் போவதால் பெடல் கொஞ்சம் கூடுதலாக இறங்கலாம். இதை ஃபேட் என்பார்கள். நிறுத்தி ஆறவிட்டால் பிரேக் திரும்ப வந்துவிடும். வந்துவிடுவதால் பலர் மறந்தும்விடுகிறார்கள்.

இரண்டாவது வகையில் பெடல் தரைவரை போய்விடும். பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 ஆயிலில் இது 230-உம் 155-உம். மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும் இருக்கிற ஊரில் டப்பா மூடி சரியாக மூடாத பழைய வேனின் ஆயில் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். "ஆயில் அளவு குறையவே இல்லை, எதுக்கு மாத்தணும்?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். அளவைப் பார்த்து அல்ல, வயதைப் பார்த்து மாற்ற வேண்டிய பொருள் அது. இரண்டு ஆண்டு என்பது பொதுவான கணக்கு.

எஃப்.சி. மைதானத்தில் இந்த இரண்டுமே தெரியாது என்பதைக் கவனியுங்கள். மைதானத்துக்கு வந்து நிற்கும் வேனின் பிரேக் ஆறியிருக்கும். ஒருமுறை சடாரென்று அடித்தால் பிடிக்கும். பாஸ்.

மைதானத்தில் பிடிபடுபவை வேறு. ஒரு பக்கம் இழுப்பது முதலாவது. டிரம்மைக் கழற்றினால் காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். லைனிங் தூள் எங்கும் காய்ந்து சாம்பல் நிறத்தில் படிந்திருக்க, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடிக்குக் கீழே மட்டும் கறுப்பாக ஈரத்தடம் ஒன்று ஷூ வரை இறங்கியிருக்கும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். சிலிண்டர் ரப்பர் போய், ஆயில் கசிந்து, அந்தச் சக்கரத்து லைனிங் நனைந்துவிட்டது. நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாள் தேய்த்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுவதுதான் வைத்தியம். உருளைகள் மேல் சக்கரத்தை நிறுத்தி ஒவ்வொன்றின் பிரேக் விசையையும் தனித்தனியாக அளக்கும் தானியங்கிச் சோதனை நிலையங்கள் பல மாநிலங்களில் வந்துவிட்டன. அங்கே இடது வலது வித்தியாசம் எண்ணாகவே தெரிந்துவிடும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துச் சமாளிக்கும் வித்தையெல்லாம் நடக்காது.

இரண்டாவது, பம்ப் அடிப்பது. பட்டறையில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது:

"ரெண்டாவது மிதிக்கு நல்லா நிக்குதுண்ணே."

"ரெண்டாவது மிதி வரைக்கும் வளைவு காத்துக்கிட்டு இருக்குமா தம்பி?"

முதல் மிதிக்குப் பெடல் இறங்கி, இரண்டாவதுக்கு ஏறினால், ஷூ டிரம்முக்குத் தொலைவில் இருக்கிறது, அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். அல்லது குழாயில் காற்று. மிதித்தபடியே வைத்திருக்கும்போது பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ வெளிக்கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது.

மூன்றாவது, பூஸ்டர். காலின் விசையைக் கூட்டிக் கொடுக்கும் வட்டத் தகரப் பெட்டி அது. உள்ளே ஒரு ரப்பர் தடுப்பு. ஒரு பக்கம் எஞ்சினோ தனிப் பம்போ காற்றை உறிஞ்சிவிடும், மறுபக்கம் வெளிக்காற்று நுழைந்து தள்ளும். அதாவது உதவி செய்வது வெளிக்காற்றின் அழுத்தம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். ஆகவே நல்ல பூஸ்டரே மலைமேல் கால் பங்கு குறைவாக உதவும். சமவெளியில் "பரவாயில்லை" என்று ஓடிய பூஸ்டர் இங்கே வந்ததும் பெடல் கனக்கிறது என்ற புகாராக மாறுவது அதனால்தான். வீட்டிலேயே சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவே இல்லையென்றால் கோளாறு.

டீசல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறக்கத்தில் விடுகிறவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. எஞ்சின் நின்றால் உறிஞ்சும் வேலையும் நிற்கும். சேமிப்பில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் உதவி மிச்சம். கொண்டை ஊசி வளைவுகள் அதைவிட அதிகம்.

ஹேண்ட் பிரேக் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கேபிள் உறைக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதுதான் முக்கால்வாசி ஃபெயிலுக்குக் காரணம். சக்கரத்துக்குக் கல் கொடுத்தே பழகிவிட்டதால் அது வேலை செய்யவில்லை என்பதே பலருக்கு எஃப்.சி. அன்றுதான் தெரிகிறது.

## ஸ்டீயரிங், அடிப்பாகம், டயர்

ஸ்டீயரிங்கைத் திருப்பியும் முன்சக்கரம் அசையாத அந்த வெற்று ஆட்டத்துக்கு பிளே என்று பெயர். விதிப்படி அது 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் இடையே உள்ள அளவு. படிக்கும்போது தாராளமாகத் தெரியும். வளைவில் எதிரே பஸ் வரும்போது அது மிக அதிகம். அதனால் 30-க்குள் இருக்கிறது என்று நிம்மதியடைய வேண்டாம்.

எங்கே தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் ஆட்டிப் பார்ப்பார்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பேரிங், அல்லது சக்கரம் திரும்புவதற்கான மூட்டுகளான கிங் பின், பால் ஜாயின்ட். இடமும் வலமும் ஆடினால் டை ராட் எண்ட், அதாவது ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் கம்பியின் முனை மூட்டு. டை ராட் எண்டின் ரப்பர் உறை கிழிந்து, சேறு உள்ளே போய்த்தான் மூட்டு தேய்கிறது. உறை மலிவு. மூட்டு அப்படியல்ல.

டயரில் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மலையில் சுற்றும் வேன்களில் முன் டயரின் ஓரங்கள் முதலில் போகும், ஏனென்றால் ஒவ்வொரு வளைவிலும் எடை அந்த ஓரத்தின்மேல் சாய்கிறது. நடுவில் பள்ளம் நன்றாகவே தெரியும். நின்று பார்த்தால் டயர் நல்லது. குனிந்து தடவிப் பார்த்தால் ஓரம் வழுக்கை.

வண்டியின் எடையைத் தாங்கி அதிர்வை வாங்கும் வில் போன்ற கமான் பட்டையில் ஏதாவது ஒன்று உடைந்திருந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

## துரு: எது அழகுக் குறை, எது ஆபத்து

நீலகிரியில் கடல் இல்லை, உப்புக்காற்று இல்லை. ஆனாலும் வேன்கள் துருப்பிடித்துச் சாகின்றன. காரணம், காய நேரமே கிடைக்காததுதான். தென்மேற்குப் பருவமழை, அது முடியும் முன் வடகிழக்கு, நடுவில் பனி. காலையில் குளிர்ந்த தகரத்தில் நீர் முத்துமுத்தாகக் கோக்கும். கேத்தி பக்கம் கழுவிய கேரட்டை மூட்டையாக ஏற்றினால் வழியெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். ஈரச் சாக்கில் வரும் பச்சை இலையும் அப்படியே. தரையின் இடுக்கில் சேறும் இலைத்தூளும் அடைத்துக்கொண்டால், தண்ணீர் வெளியேற வைத்த ஓட்டைகள் மூடிக்கொள்ளும். பெட்டி வடிவில் மடித்த தகரம் உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். வெளியே பெயிண்ட் குமிழ் விடும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

இங்கேதான் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கதவின் கீழ்விளிம்பு, மட்கார்டு, டிக்கி ஓரம் இவற்றில் துரு அசிங்கம், ஆபத்து அல்ல. எடையையும் விசையையும் தாங்கும் இடங்களில் துரு வந்தால் கதை வேறு: சேசிஸ் சட்டம் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டகம்), கமான் பட்டை மாட்டும் தாங்கி, ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் ஏறும் இடம், பிரேக் குழாய், சீட்டும் சீட் பெல்ட்டும் பிடித்திருக்கும் தரை. ஆம்னி போன்ற வேனில் தனியாகச் சேசிஸ் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம். அதனால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரமும், சறுக்கிக் கதவின் கீழ்த் தண்டவாளப் பகுதியும் அதில் அழகுப் பகுதிகள் அல்ல. தனிச் சேசிஸ் உள்ள வேனில் எதிர்மாறு. கூடு ஓட்டையாக இருந்தாலும் அடிச்சட்டம் திடமாக இருந்தால் வண்டி பிழைத்துக்கொள்ளும்.

கண்டுபிடிப்பது எளிது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் கணீரென்று பேசும். அரித்த இடத்தில் ஓசை செத்துப்போய், உள்ளே செதில் உதிரும் சலசலப்பு கேட்கும். அங்கே முனையால் குத்தினால் இறங்கிவிடும். பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. எஃப்.சி.க்கு முந்தின வாரம் அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பூச்சு அடித்துப் பளபளக்கும் வேனைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். பூச்சு நல்லதுதான், ஆனால் துருவைச் சுரண்டி எடுத்த பிறகு அடித்தால். மேலே அப்படியே அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்த மாதிரி.

இதுவரை பார்த்தது: மைதானத்தில் பிடிபடும் பிரேக் கோளாறும், இறக்கத்தில் பிடிபடும் கோளாறும் ஒன்றல்ல. பிளேயும் டயர் ஓரத் தேய்மானமும் கையால் பார்த்தால் தெரியும். துரு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி, எவ்வளவு என்பது அடுத்தது.

## புகை ஏன் மலையில் கறுக்கிறது

டீசல் எரியக் காற்று வேண்டும். மலைமேல் காற்று மெலிந்தது. எஞ்சினுக்கு டீசல் தள்ளும் பம்ப் சமவெளிக்கு அமைத்ததாக இருந்தால், அங்கே ஊற்றும் அதே டீசலைத்தான் இங்கேயும் ஊற்றும். காற்று போதாமல் எரியாத கரி கறுப்புப் புகையாக வரும். பழைய பெட்ரோல் வேனில் கார்புரேட்டர் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு கூடும்.

பி.எஸ். 4 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்துக்கு முந்தின டீசல் வண்டிக்கு எல்லை 65 எச்.எஸ்.யூ. புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்பதற்கான அளவு அது. நின்ற வண்டியில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுக்க மிதித்து, அப்போது வரும் புகையை அளப்பார்கள். ஃபெயில் ஆனால் உடனே பம்பைக் கழற்ற வேண்டாம். ஏர் ஃபில்டரைப் பாருங்கள், பிறகு டீசலைத் தெளிக்கும் நாசில், அதற்கப்புறம்தான் பம்ப். செலவும் அதே வரிசையில்தான் ஏறும். பம்பின் திருகைக் குறைத்துக் காட்டிவிட்டு, வெளியே வந்ததும் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். ஓட்டத்துக்குச் சரியான அளவே புகைக்கும் சரியாக இருக்கும்படி மலைக்கு ஏற்றாற்போல் ஒருமுறை அமைத்துவிட்டால் இந்த வித்தை தேவையில்லை; ஏற்றத்தில் கொஞ்சம் இழுவை குறையும், அவ்வளவுதான்.

நிறம் சொல்லும் செய்தியும் உண்டு. குளிர்காலை ஸ்டார்ட்டில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லையென்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது.

## விளக்கு

அற்பக் காரணத்துக்கு அதிகம் திரும்பி வருவது இதில்தான். இடது இன்டிகேட்டர் போட்டால் பின்னால் சிவப்பு விளக்கும் சேர்ந்து மினுக்கும். பிரேக் அடித்தால் இன்டிகேட்டர் லேசாக எரியும். பல்பு மேல் பல்பாக மாற்றுவார்கள், தீராது. விளக்குக் கூட்டின் எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வழி, துருவால் அடைபட்டிருக்கிறது. போக வழியில்லாத கரண்ட் பக்கத்துப் பல்பின் வழியாகச் சுற்றிப் போகிறது, அதுதான் அந்த மினுக்கல். எர்த் ஒயர் ஏறும் போல்ட்டைக் கழற்றி, தகரம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

## ஃபெயில் ஆன பட்டியலை வைத்து என்ன செய்வது

குறைகளை எழுத்தில் வாங்குங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது ஒரு பாகத்தின் வயதா, பராமரிப்பின் குறையா, உடம்பின் நோயா என்று எழுதிப் பாருங்கள். லைனிங், வைப்பர், டயர் எல்லாம் வயது; மாற்றினால் முடிந்தது. தண்ணீர் குடித்த பிரேக் ஆயில், அடைத்த ஃபில்டர், ஒட்டிக்கொண்ட கேபிள் எல்லாம் பராமரிப்பு. அடுத்த ஆண்டும் அதே வரி வந்தால் வண்டி அல்ல, பழக்கம்தான் மாற வேண்டும். சேசிஸ் துருவும் தாங்கிகளின் அரிப்பும் நோய். அங்கே வெல்டிங் வைப்பது ஓட்டை அடைக்கும் வேலையல்ல, விசை தாங்கும் வேலை. தெரிந்தவர் கையால் நடக்க வேண்டும்.

பழைய வேனைப் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துக் கேம்பராக மாற்றும் ஆசை இப்போது பரவியிருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை சொல்கிறது. முன் அனுமதி இல்லாமல் மாற்றிவிட்டு எஃப்.சி.க்குப் போனால் பிரேக்கைப் பார்க்கும் முன்பே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வாங்கப் போகிறவர்கள், எஃப்.சி. எப்போது முடிகிறது என்று கேட்பதோடு போன முறை எதற்காகத் திரும்பி வந்தது என்றும் கேளுங்கள். "முதல் தடவையே பாஸ்" என்று சொல்லும் முப்பது வயது வேனைவிட, "லைனிங், டை ராட் எண்ட், எர்த்" என்று வரிசையாகச் சொல்லி, மாற்றிய பில்லையும் எடுத்து நீட்டும் ஆளின் வேனை நான் நம்புவேன். பார்க்கப் போகும் நாளை மழை விட்ட மறுநாளாக வைத்துக்கொள்ளுங்கள். தரை விரிப்பைத் தூக்கினால் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று தெரியும். எட்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கே போய், எஞ்சின்மேல் கைவைத்துப் பாருங்கள். அது சூடாக இருந்தால், குளிரில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்க இன்னொரு காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.